மழை வரும்வரை புல்லைக் காப்பாற்றுவது: கேள்வி பதில்

ஜனவரியில் மழை விலகியதுமே கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறவர்கள், பாடசாலை மைதானம் பார்க்கிறவர்கள், வீட்டு முற்றத்தில் புல் வளர்க்கிறவர்கள் எனப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷம் மலையகத்தில் கிரீன் (கோல்ஃப் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பராமரித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி (நுவரெலியா, மைதான ஊழியர்): அண்ணே, தினமும் பின்னேரம் தண்ணீர் அடிக்கிறோம். அப்படியும் கிரீனின் மேட்டுப் பக்கம் திட்டுத்திட்டாகப் பழுப்பாகிறது. இந்தக் குளிரில் புல் எப்படிக் காயும்?

பதில்: தம்பி, குளிர் நமக்குத்தான். 1889இல் துரைமார் அங்கே கோல்ஃப் கிளப் தொடங்கிய காலத்திலும் வானம் இப்படித்தான்: விடிய உறைபனி, மத்தியானம் சுள்ளென்று வெயில். ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீற்றர் ஏறினாலே புற ஊதாக் கதிர் 10 வீதம் போலக் கூடிவிடும். காற்றும் வறண்டு வீசுவதால் இலையிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கும்.

தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு கத்தியை எடுங்கள். பழுப்புத் திட்டில் ஒரு துண்டு, பக்கத்துப் பச்சையில் ஒரு துண்டு, விரல் நீளத்துக்கு மண்ணோடு வெட்டி எடுத்துப் பாருங்கள். வேர் ஓர் அங்குலத்தோடு நின்றிருந்தால் காரணம் அந்தத் தினசரித் தூவல்தான். தண்ணீர் மேலேயே கிடைத்தால் வேர் எதற்குக் கீழே போகும்?

நான் முதன்முதலில் இப்படி வெட்டிப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே புல் நனைந்து பளபளத்தது. அரை அங்குலத்துக்குக் கீழே மண் மாவு மாதிரி உதிர்ந்தது. விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பு இலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. வெற்றிலை ஒரு வாய் போட்டு மென்று முடித்தேன், அதுவரை அது இறங்கவேயில்லை. மட்கிய வேரும் பூஞ்சையும் மணலின் மேல் மெழுகுபோலப் படிந்துவிட்டால் இப்படி ஆகும். அந்த இடத்தில் மணிக்கணக்கில் ஸ்பிரிங்க்லர் ஓடினாலும் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். மேடு காய்ந்து, பள்ளம் அழுகும்.

அந்தத் திட்டுகளை முள்ளுக்கரண்டியால் நெருக்கமாகக் குத்துங்கள். கையில் குழாயைப் பிடித்து, கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் விடுங்கள். மண்ணை நனையச் செய்யும் மருந்து கடையில் கிடைத்தால் லேபிளில் உள்ள அளவுக்குப் போடுங்கள். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் வேண்டாம், இலை கருகும்.

மற்ற இடங்களுக்குப் பின்னேரத் தண்ணீரை நிறுத்திவிட்டு விடியற்காலைக்கு மாற்றுங்கள். தினம் தினம் இல்லாமல், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, வேர் இருக்கும் ஆழத்துக்கும் கொஞ்சம் கீழே நனையும்படி. திடீரென்று மாற்றினால் குட்டை வேர் தாங்காது, இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வெற்று டின்மீன் பேணிகளைக் கிரீனில் அங்கங்கே வையுங்கள். ஒரு பேணியில் 6 மில்லிமீற்றர், இன்னொன்றில் 2 என்று நின்றால் கோளாறு ஸ்பிரிங்க்லரில்தான்.

வெட்டும் உயரத்தையும் ஒரு மில்லிமீற்றர் கூட்டுங்கள். பந்து கொஞ்சம் மெதுவாக உருளும், ஆட வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். புல் செத்துவிட்டால் பந்து எங்கே உருளும்?

கேள்வி (அதே தம்பி): துகள் உறைபனி விழுந்த காலையில் கேடிமார் (ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிவருகிறவர்கள்) நடந்த தடமெல்லாம் கறுத்துப்போகிறது.

பதில்: உறைந்த இலைக்குள் இருப்பது பனிக்கட்டி. மிதித்தால் இலையின் உயிரணு உடைந்துவிடும். வெயில் பட்டு உருகும்வரை யாரையும் ஏற விடாதீர்கள், வெட்டும் மெஷினையும்தான். கயிறு கட்டிவிடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

கேள்வி (திகன பக்கம்): ஐயா, எங்கள் கிரீனில் காசு அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள். தண்ணீர் இல்லாமல் காய்ந்ததா, நோயா?

பதில்: வெயில் ஏறுமுன் குனிந்து பாருங்கள். புள்ளியின் மேல் பஞ்சு நூல்போல மெல்லிய வலை தெரிந்தால் அது டொலர் ஸ்பொட் என்கிற பூஞ்சை நோய். இலையில் பனி நீர் நெடுநேரம் நின்றால் பரவும், தழைச்சத்துக் குறைந்த புல்லில் இன்னும் வேகமாகப் பரவும். காலையில் நீண்ட மூங்கில் கழியை எடுத்துக் கிரீனின் மேல் இடமும் வலமும் வீசிப் பனியைத் தட்டிவிடுங்கள். பழைய ஆட்கள் செய்த வேலை, இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை. உரம் துளி அளவு கொடுங்கள். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், பூஞ்சை பழகிவிடும்.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியை): எங்களுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றுதான் எதிரி. ஒரே ஒரு பீலித் தண்ணீர். பாடசாலை மைதானம் முழுக்க அறுகு. எதைக் காப்பாற்றுவது?

பதில்: டீச்சர், அறுகு சீக்கிரம் சாகாது. மேலே பழுப்பாகி, கீழே தண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். ஓர் அடித்தண்டை நகத்தால் சுரண்டுங்கள். வெண்மையாக, கெட்டியாக இருந்தால் மழைக்குத் தளிர்க்கும். அதனால் மைதானம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காதீர்கள். அரைகுறைத் தண்ணீர் அதை எழுப்பிவிட்டுப் பட்டினி போடும். கிரிக்கெட் பிட்ச், கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள இடம், இந்த இரண்டுக்கும் மட்டும் நன்றாக விடுங்கள். மற்றதை 4, 5 சென்ரிமீற்றருக்கு வளர விட்டு, வெட்டிய புல்லை அங்கேயே போட்டுவிடுங்கள். விளையாட்டுப் போட்டிக்கு என்று லொறியை உள்ளே விடுவார்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: யூரியா போட்டால் பச்சை வருமா?

பதில்: ஒரு வாரத்துக்கு வரும். காய்ந்த நேரத்தில் இலையை வளரச் சொன்னால் வேரில் இருக்கிற சேமிப்பும் கரையும். நிறம்தான் வேண்டும் என்றால் பெரஸ் சல்பேட்டை (இரும்புச் சத்துள்ள உப்பு) மிக மெல்லிதாகக் கரைத்து மாலை நிழலில் தெளியுங்கள். சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

கேள்வி (ஹட்டன்): இரவில் காட்டுப்பன்றி வந்து புல்லைக் கிளறிப் போடுகிறது.

பதில்: பன்றி சும்மா வராது. ஓர் அடிச் சதுரத்தில் புல்லைத் தூக்கிப் பாருங்கள். பாய்போல உரிந்து வந்தால் வேரைப் புழு தின்றிருக்கிறது. கொக்கிபோல வளைந்த வெள்ளைப் புழு பத்துக்கு மேல் இருந்தால் மருந்து தேவை. ஒன்றிரண்டு என்றால் மைனாவே பார்த்துக்கொள்ளும். வேலி மட்டும் போட்டுப் பயனில்லை.

கேள்வி: முதல் மழை விழுந்ததும் துளையிட்டு மணல் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். மறுபடி கத்தியால் ஒரு துண்டு எடுங்கள். புது வேர் நுனி வெள்ளையாகக் கீழே இறங்கியிருந்தால் துளையிடுங்கள். மணல், கிரீன் கட்டியபோது போட்ட அதே பருமனில் இருக்கவேண்டும். அதைவிடப் பொடியான மணல் மேலே தட்டாகப் படிந்து தண்ணீரை மறிக்கும். வாங்குமுன் ஒரு பிடி மணலைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். கலங்கல் தெளிய நேரமானால் களி கலந்த மணல், அந்த லோட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.