மொட்டைமாடியில் மரம் வேண்டுமா? தூண் போடும் முன்பே கூப்பிடுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் பல வருடங்களாக லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டாக, அதாவது தோட்டங்களையும் பசுமை இடங்களையும் வடிவமைப்பவனாக, வேலை பார்க்கிறேன். பசுமைக் கட்டடங்களில் கட்டடக் கலைஞர்களும் நாங்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறோம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கட்டடக்கலை மாணவி: ஸ்டூடியோவில் கட்டடத்தை முடித்துவிட்டு, கடைசி வாரம்தான் மரங்களை வரைகிறோம். வேலையிலும் அப்படித்தானா அண்ணா?

பல இடங்களில் அப்படித்தான்மா, எனக்கு இருக்கும் பெரிய வருத்தமே அதுதான். மண்ணின் எடையை மட்டும் பாருங்கள். மழையில் ஊறிய மண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன். நடுத்தர மரத்துக்கு ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும், ஆக ஒவ்வொரு சதுர மீட்டர் தளமும் 1.8 டன்னைத் தாங்கவேண்டும். சாதாரண வீட்டுத் தளத்தில் ஆளுக்கும் சாமானுக்கும் போடும் கணக்கோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். தூணும் பீமும் முடிவான பிறகு என்னைக் கூப்பிட்டால் புல்லும் குத்துச்செடியும்தான் தர முடியும்.

ஒரு திட்டத்தில் படம் நிறைய மரம், தளத்தில் மண்ணுக்கு விட்டிருந்தது 40 சென்டிமீட்டர். வேண்டாம் என்று சொல்லியும் நட்டோம். இரண்டாம் வருடம் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்றில் மூன்று சாய்ந்தன, மிச்சத்தை நாங்களே எடுத்தோம். நட்ட கையாலேயே பிடுங்கியது இன்னும் மனதை அறுக்கிறது.

உட்லண்ட்ஸ்வாசி: நல்ல உதாரணம் என்று எதைப் போய்ப் பார்க்கலாம்?

உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, கம்போங் அட்மிரல்டி. கட்டடத்தை வடிவமைத்தது வோஹா நிறுவனம், தோட்டத்தை ராம்போல் ஸ்டூடியோ டிரைசைட்ல் நிறுவனம். 2018ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது வாங்கியது. நிலம் சுமார் 0.9 ஹெக்டர், உயரமும் 45 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குள் கீழே திடல், நடுவில் மருத்துவ நிலையம், அதற்கு மேலே படிப்படியாக ஏறும் பூங்கா, மூத்தோருக்கு வீடுகள். ஒருநாள் மழை விட்டதும் போய் அந்தப் பூங்காவில் நின்று பாருங்கள். எந்த இடத்தில் கட்டடம் முடிந்து தோட்டம் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது, ஏனென்றால் வெட்டுத்தோற்றம் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும் படம்) வரையும்போதே மண்ணுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனை, 2010ல் திறந்தது. பக்கத்துக் குளத்துக்கு முதுகைக் காட்டாமல் அதன் பக்கமே திறந்து நிற்கிறது, செடிகளுக்கும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். எனக்குக் கம்போங் அட்மிரல்டியைவிட இதுதான் ஒரு படி மேல்.

பொறியாளர்: செடி வைத்தால் ஏர்கான் செலவு குறையுமா, இல்லை வெறும் பேச்சா?

இடத்தைப் பொறுத்தது. நாம் பூமத்திய ரேகைக்கு ஒட்டி இருப்பதால் காலையில் கிழக்குச் சுவரும் பிற்பகலில் மேற்குச் சுவரும்தான் வெயிலை அதிகம் வாங்குகின்றன. மேற்கில் நிழல் தந்தால் பலன் தெரியும், லாபியில் பத்துத் தொட்டி வைத்து ஒன்றும் ஆகாது. ஆனால் மரம் வளர வருடங்கள் ஆகும். அதை நம்பிக் கட்டடக் கலைஞர் வெயில் தடுப்புப் பலகைகளைக் குறைத்துவிட்டால் முதல் சில வருடங்கள் குடியிருப்பவர்கள் வெந்துபோவார்கள். எது இன்றைக்கு, எது பத்து வருடம் கழித்து என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் தாய்: கொசு வராதா? டெங்கி பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, கொசுவாக மாற ஒரு வாரமே போதும். தண்ணீர் தேங்கினால்தான் ஆபத்து. தளத்துக்குச் சரியான சாய்வும், கையால் திறந்து சுத்தம் செய்யக்கூடிய வடிகால் வாயும் இருந்தால் தேங்காது. சாய்வு கட்டடக் கலைஞர் கையில், வடிகால் அடுக்கு என் கையில். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் குட்டை உருவாகிறது.

கொண்டோ நிர்வாகக் குழு உறுப்பினர்: எங்கள் பசுமைச் சுவர் பாதி காய்ந்துவிட்டது. வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் செடியைக் குறை சொல்கிறார்.

சார், முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சுவரின் நடுப்பகுதியை ஒரு ஆள் எப்படி எட்டுவார்? ஒவ்வொரு தடவையும் கொண்டோலா (மேலிருந்து கயிற்றில் தொங்கும் வேலைத்தொட்டி) வரவேண்டும் என்றால் பராமரிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஒரே செடியை முழுச் சுவருக்கும் போட்டிருக்கிறார்களா? தஞ்சோங் பகார் பக்கம் ஒயேசியா ஹோட்டலின் வெளிப்புறத்தைச் சுற்றியுள்ள சிவப்பு வலையில் 21 வகைக் கொடிகள். வெயிலும் காற்றும் மாடிக்கு மாடி மாறும், ஒரு கொடி தளர்ந்த இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். முழுவதையும் பிடுங்காதீர்கள், சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த பகுதியில் மட்டும் கொடி வகைகளை மாற்றிப் போடுங்கள்.

இளம் கட்டடக் கலைஞர்: இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் யார் பேச்சு எடுபடும்?

பெரும்பாலும் உங்கள் பேச்சுதான் தம்பி, வாடிக்கையாளர் முதலில் கூப்பிடுவது உங்களை. அதனால் கேட்கிறேன், முதல் கூட்டத்துக்கே எங்களையும் கட்டமைப்புப் பொறியாளரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். வரும்போது அழகான படம் வேண்டாம். 1:50ல் ஒரு வெட்டுத்தோற்றம் போதும், அதில் ஸ்லாபுக்கு மேல் மண்ணுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கொண்டுவாருங்கள்.