ஸ்டீயரிங் இறுகுறதும் சார்ஜ் ஏறாததும் ஒரே கோளாறுதான் தம்பி

தம்பி, யாங்கோன்ல தாம்வே பக்கம் திரும்புறப்ப உங்க ஹோண்டா ஃபிட் கார் ஸ்டீயரிங் கல்லா இறுகிடுச்சு, ஈபிஎஸ் (கரண்ட்ல ஓடுற பவர் ஸ்டீயரிங்) லைட்டும் பேட்டரி லைட்டும் சேர்ந்து எரியுது, புது பேட்டரியும் 3 நாள்ல இறங்கிடுச்சுன்னு எழுதிருக்கீங்க, படிச்சதும் பக்குன்னு இருந்துச்சு. ஸ்டீயரிங் மோட்டாருக்கு கை வைக்காதீங்க. திரும்பும்போது அது கரண்ட்ட நிறைய இழுக்கும், வோல்ட் இறங்கினா கம்ப்யூட்டரே அத ஆஃப் பண்ணிடும்.

மீட்டர் வச்சு பேட்டரில பாருங்க, ஆனா ஹெட்லைட்ட போட்டுட்டு பாருங்க, ஏன்னா ஃபிட்ல லோடு இல்லாதப்ப சார்ஜிங்க வேணும்னே குறைச்சிடும், 12.5 வோல்ட்டுன்னு காட்டும், அத பாத்து ஆல்டர்னேட்டர (இன்ஜின் ஓடுறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது) மாத்திட்டு காச விட்டவங்க இருக்காங்க. லைட் போட்டும் 14 கிட்ட வரலைன்னா இன்ஜின் ஓடுறப்பவே மீட்டரோட ஒரு முனைய இன்ஜின் பாடிலயும் மறுமுனைய பேட்டரி மைனஸ்லயும் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா கோளாறு எர்த் வயர்லதான் (பேட்டரி மைனஸ வண்டி பாடி, இன்ஜினோட சேக்குற வயர்). என் வண்டில அப்படித்தான், மழைத்தண்ணி ஏறி போல்ட்டுக்கு அடில பச்சையா பூத்திருந்துச்சு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சதும் சரியாச்சு. எர்த் நல்லா இருந்தா ஆல்டர்னேட்டர சுத்துற பெல்ட்ட பாருங்க, அப்புறம் அதுக்குள்ள இருக்குற பிரஷ்ஷ பாருங்க.

ஓடுறப்ப பேட்டரி வயர மட்டும் கழட்டி பாக்காதீங்க, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) போயிடலாம். சரியாகுறவரை வீட்டம்மா, பிள்ளைங்கள ஏத்தாதீங்க தம்பி.