அமெரிக்க மத்திய மேற்கின் சின்ன விவசாய ஊரில் பார்க்க என்ன பழைய கட்டடங்கள் இருக்கும்?

நிறைய இருக்கும். ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் மினசோட்டாவின் ஓவடோன்னாவுக்குப் போகச் சொல்வேன். அங்கே ஊர் நடுவில், பூங்காவுக்கு எதிரே இருக்கிறது நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க் கட்டடம். சிகாகோவின் உயரமான கட்டடங்களால் பேர் வாங்கிய லூயிஸ் சல்லிவன், கையில் வேலை குறைந்துபோன காலத்தில் வடிவமைத்தது, 1908இல் கட்டி முடித்தார்கள். வெளியே பார்த்தால் செங்கல் பெட்டி மாதிரி அடக்கமாக, இரண்டு தெருப் பக்கமும் பெரிய அரைவட்ட வளைவோடு நிற்கும், ஆனால் உள்ளே நுழைந்ததும் அந்த வளைவுகளின் வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும் பாருங்கள், அதற்காகவே போகலாம்! சுவரில் மாடு மேய்வதும் அறுவடையும் ஓவியமாக இருக்கும், ஏனென்றால் பணம் போட வந்தவர்கள் விவசாயிகள். அலங்கார வேலைப்பாட்டில் பெரும்பங்கு சல்லிவனிடம் வேலை பார்த்த ஜார்ஜ் எல்ம்ஸ்லியுடையது, அவர் பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் அதே ஊரில் 1891இல் கட்டிய ஸ்டீல் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றம், அதையும் பாருங்கள். எந்த ஊரானாலும் கடைத்தெருவில் மேல்மாடியை நிமிர்ந்து பார்த்து நடங்கள், கீழ்த்தளத்தை ஒவ்வொரு கடைக்காரரும் மாற்றியிருப்பார், கட்டிய ஆண்டும் முதல் உரிமையாளர் பேரும் பெரும்பாலும் உச்சியில்தான் மிஞ்சியிருக்கும்.