40 பேர் வகுப்பில் பாதிப் பேரிடம் போன் இல்லை. வகுப்பறையோடு ஆன்லைன் பாடத்தை எப்படிச் சேர்ப்பது?

முதலில், எதை வீட்டுக்கு அனுப்புவது என்று பிரியுங்கள். ஒன்பதாம் வகுப்பு ஒளியியலில் விதிகளும் வரையறைகளும் வீடியோவில் போகலாம். கதிர்ப்படம் வரைவது, கணக்குப் போடுவது இரண்டும் உங்கள் கண் முன்னால்தான் நடக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை தடுமாறுவது அங்கேதான். அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் 2007 வாக்கில் செய்ததும் இதுவே: விளக்கம் வீட்டில், பயிற்சி வகுப்பில்.

ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து, 6 முதல் 8 நிமிடம். 360பி என்ற குறைந்த படத் தரத்தில் சேமித்தால் கோப்பு சிறிதாகும், ப்ளூடூத்திலும் அனுப்பலாம். தமிழ்நாட்டுப் பாடநூலின் க்யூஆர் குறியீட்டில் பொருத்தமானது கிடைத்தால் புதிதாக எடுக்கவே வேண்டாம். கூடவே மூன்று கேள்விகள், விடை நோட்டில். ஒரே இரவு போதாது, இரண்டு நாள் கொடுங்கள். பல வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்பும்.

பெரும்பாலும் கெடுவது இங்கே: பாதிப் பேர் பார்க்கவில்லை என்று ஆசிரியர் அதையே மறுபடி நடத்திவிடுவார். அடுத்த வாரம் பார்த்தவர்களும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நடத்தாதீர்கள். பார்க்காதவர்களை முதல் 10 நிமிடம் வகுப்பின் ஒரு மூலையில் மடிக்கணினி முன் உட்கார வையுங்கள், மற்றவர்கள் கணக்கைத் தொடங்கட்டும். போன் இல்லாத பிள்ளைக்கு அந்த மூலை தண்டனையாகத் தெரியக் கூடாது. மதிய இடைவேளையில் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைப்பது இன்னும் நல்லது.