ஒரே சட்டியில் நான்கு முட்டை: திருகோணமலைப் புறா வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து வந்து குவிந்த கேள்விகளை இன்று முடிந்தவரை பார்த்துவிடுகிறேன். கழுத்தில் கறுப்பு வளையம் உள்ள வளையப் புறா, கூண்டில் வளரும் மாடப்புறா இரண்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். மருந்து கேட்பவர்கள் கால்நடை வைத்தியரிடம் போங்கள். முட்டையில் கை வைக்க முன்னம் எத்தனை என்று எண்ணி, இட்ட திகதியையும் எழுதி வையுங்கள்.

உவர்மலை அக்கா ஒருவர்: வளையப் புறாச் சோடி ஒன்று வாங்கினேன். ஒரே கூட்டுச் சட்டியில் நான்கு முட்டை. இரண்டும் மாறி மாறி அடை இருக்கின்றன. மூன்று கிழமையாகியும் பொரிக்கவில்லை. என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை அக்கா, உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டும் பேடு, அதாவது பெண் புறா. புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதற்கும் ஏறத்தாழ இரண்டு நாள் இடைவெளி இருக்கும். மூன்று, நான்கு முட்டை ஒன்றாகக் கிடந்தால் இரண்டு பேடும் அதே சட்டியில் இட்டிருக்கின்றன என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பழைய கூமுட்டைகளை எடுக்காமல் விட்டு அதன்மேல் புது ஈடு வந்திருந்தாலும் நான்கு வரும். திகதி எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

வளையப் புறா முட்டை பதினான்கு நாள் அளவில் பொரிக்கும், மாடப்புறாவுக்குப் பதினேழு பதினெட்டு நாள். ஆறாம் நாள் இரவில் போன் ரோச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கரு இருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்திவலை போலப் பரவியிருக்கும், இல்லாவிட்டால் ஒரே மஞ்சள் வெளிச்சம்தான். கூமுட்டை என்று தெரிந்தவுடன் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எடுத்தால் கிழமைக்கணக்கில் பொறுக்காமல் திரும்ப இடும், உடம்பிலுள்ள சுண்ணாம்பு முழுக்க முட்டை ஓட்டுக்கே போய்விடும். அவையாகக் கைவிட்டு எழும்பும்வரை கிடக்கட்டும். சுண்ணாம்புக்காக, கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போகக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் கட்டிவிடுங்கள். நம் ஊரில் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பாலையூற்று: என்னிடம் ஒரே ஒரு புறாதான். சோடி இல்லாமலே முட்டை இட்டுவிட்டது. ஏதாவது நோயா?

நோய் இல்லை. கூண்டில் கண்ணாடி இருக்கிறதா? 1939இல் ஹரிசன் மத்தியூஸ் என்ற ஆங்கில விலங்கியலாளர் பேட்டுப் புறாக்களைத் தனித்தனியாக அடைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்த பேடுகூட முட்டை இட்டது. கண்ணாடியை எடுத்துவிடுங்கள். முதுகைத் தடவிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், உங்களையே துணையாக எடுத்துக்கொண்டிருக்கும். முட்டையை எடுக்காதீர்கள்.

கிண்ணியா: அண்ணன், உவர்மலைக்குச் சொன்ன பதில் பிழை. என்னிடமும் இதே மாதிரிச் சோடி இருக்கிறது, நான்கு முட்டை. ஆனால் ஒன்று மற்றதன்மேல் ஏறுவதைக் கண்ணால் கண்டேன். குனிந்து குனிந்து குனுகுகிறது. அது ஆண்தானே?

நானா, நீங்கள் கண்டது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. இரண்டு பேடு சோடி சேர்ந்தால் ஒன்று ஆணின் வேலையை எடுத்துக்கொள்ளும். தலையைக் குத்தித் தூக்கி, கழுத்தை உப்பவைத்துக் குனுகும், ஏறவும் செய்யும். இரண்டு ஆணை ஒன்றாக அடைத்தாலும் மூலையில் குந்தி, வாலைத் தூக்கி, செட்டை நுனியைத் துடிக்கவைத்துக் கூட்டுக்கு அழைக்கும், ஆனால் முட்டை வராது. நடத்தையைப் பார்த்து ஆண் பெண் பிரித்தால் பாதி நேரம் ஏமாந்துபோவீர்கள்.

ஆண் இல்லாமல் எப்படி முட்டை வரும் என்பதுதான் உங்கள் சந்தேகம் என்றால் அதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் டானியல் லேர்மன் வளையப் புறாக்களை வைத்தே காலம் முழுக்க ஆராய்ந்தவர். ஆண் குனுகிக் கொஞ்சுவதைப் பார்ப்பதிலேயே பேட்டின் உடம்பில் சுரப்புகள் மாறி முட்டைப்பை வளர்கிறது என்று காட்டினார். அவருக்குப் பின்வந்த மெய்-பாங் செங் என்ற பெண்மணி இன்னொரு படி போனார். அந்தக் கொஞ்சலைக் கண்ட பேடு தானும் கூட்டுக் குரல் கொடுக்கும், அந்தச் சொந்தக் குரல் தன் காதில் விழுவதுதான் முட்டைப்பையை வளர்க்கிறது என்றார். குரல் எழாமல் செய்த பேட்டில் வளர்ச்சி குறைந்தது. ஆக, குனுகுவதற்கு ஒரு துணை இருந்தால் போதும், அது ஆணாக இருக்க வேண்டியதில்லை.

திருக்கடலூர்: கிண்ணியாக்காரர் சொல்வதுதான் சரி. என் அப்பா காலத்திலிருந்து ஏறுவது ஆண், இருப்பது பெண் என்றுதான் பார்த்து வருகிறோம்.

அப்பா காலத்துச் சோடிகளில் ஆணும் பேடும் இருந்திருக்கும், அதனால் கணக்குச் சரியாக வந்திருக்கும். மாடப்புறாச் சோடிகளே ஏறுமுன் இடம் மாற்றிக்கொள்வதுண்டு, பேடு ஆணின்மேல் ஏறுவதும் நடக்கும்.

சீனக்குடா: ஆண் புறா பேட்டை இரை தின்னவிடாமல் விரட்டி விரட்டிக் கொத்துகிறது. பிரித்து வைக்கவா?

வேண்டாம். முட்டை வர நாலைந்து நாள் இருக்கும்போது பேட்டைக் கூட்டுக்குத் துரத்துவது ஆணின் வழக்கம். மற்ற ஆண்கள் அருகில் இருந்தால் இன்னும் மும்முரமாகத் துரத்தும். முட்டை இட்டதும் அடங்கிவிடும். தலையில் இரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள்.

நிலாவெளி: புறாமலையில் இருந்து குஞ்சு ஒன்று எடுத்து வந்து என் புறாவோடு சோடி சேர்க்கலாமா?

கூடாது. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. அங்கே பாறையிடுக்கில் பொரிப்பவை காட்டு மாடப்புறா. அவற்றை விட்டுவிடுங்கள்.

மூதூர்: முட்டை பொரிக்கவில்லை. ஏன்?

எத்தனை முட்டை? எப்போது இட்டது? ரோச் அடித்துப் பார்த்தீர்களா? மேலே உவர்மலைக்கு எழுதியதைப் படியுங்கள்.

சல்லி: பொரித்து ஐந்து நாளான குஞ்சைக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. நான் தொட்டதால் மனித வாசம் பட்டு ஒதுக்கிவிட்டதா?

வாசக் கதையை விடுங்கள், தொட்ட குஞ்சையும் புறா ஊட்டும். முதலில் குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்துபோன குஞ்சு அலகைத் தூக்கி இரை கேட்காது, கேட்காத குஞ்சுக்குத் தாய் தகப்பன் ஊட்டாது. சூடேறியதும் சட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஊட்டியிருந்தால் தொண்டைக்குக் கீழே மெல்லிய தோலுக்குள் வெண்மஞ்சளாகத் திரண்டு தெரியும். அதுதான் புறாப்பால். ஆணும் பேடும் இரண்டுமே சுரக்கும். அந்தப் பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற சுரப்பையே ஒஸ்கார் ரிடில் குழுவினர் 1930களில் புறாவின் தொண்டைக்குக் கீழுள்ள இரைப்பையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

இரவில் சட்டியை ரோச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் செந்நிறச் சிற்றுண்ணி ஓடினால் அதுதான் தாயை எழுப்பியிருக்கும். சட்டியை மாற்றி, பழைய குச்சிகளை எரித்துவிடுங்கள். தகரக் கூரைக்கு நேர்கீழே கூண்டு இருந்தால் கச்சான் காலத்தில் மத்தியானச் சூட்டுக்கும் எழும்பிப் போகும். மேலே கிடுகு போடுங்கள். குஞ்சு இரண்டு கிழமை தாண்டியபின் தள்ளினால் வேறு காரணம்: அடுத்த ஈட்டுக்கு இடம் தேடுகின்றன. இன்னொரு சட்டி வையுங்கள்.

உப்புவெளி, பள்ளிக்கூடத் தம்பி: கையால் ஊட்டி வளர்த்த புறா என் கையைப் பார்த்துக் குனிந்து குனுகுகிறது. பக்கத்தில் பேடு விட்டாலும் திரும்பிப் பார்க்காது.

தம்பி, உன் கையைத்தான் அது சோடி என்று நினைக்கிறது. நூறு வருடத்துக்கு முன் வோலஸ் கிரெய்க் தனியாக வளர்த்த ஆண் வளையப் புறாக்களும் அவர் கைக்குத்தான் குனிந்தன. பேட்டைப் பக்கத்துக் கூண்டில் வைத்து, கையை உள்ளே விடுவதைக் குறை. பொறுமை வேண்டும்.

தம்பலகாமம்: பேடு தரையில் உப்பிக்கொண்டு குந்தியிருக்கிறது. வாலை ஆட்டி முக்குகிறது. முட்டை வரவில்லை.

முட்டை அடைத்திருக்கலாம். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் செத்துவிடும். சூடான இடத்தில் வைத்துக்கொண்டு இன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

கிண்ணியா (மீண்டும்): இடுப்பெலும்பு நெருங்கி இருந்தால் ஆண் என்கிறார்கள். விரல் வைத்துப் பார்த்தேன், நெருங்கித்தான் இருக்கிறது.

முட்டை இடாத இளம் பேட்டுக்கும் நெருங்கித்தான் இருக்கும் நானா. ஒன்று செய்யுங்கள். இந்த ஈட்டை அவையாகக் கைவிட்டதும் இரண்டையும் அடுத்தடுத்த கூண்டில், ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். ஆளுக்கொரு சட்டி. இரண்டு கூண்டிலும் முட்டை வந்தால் எனக்கு எழுதுங்கள். ஒன்றில் மட்டும் வந்து மற்றது சும்மா இருந்தாலும் எழுதுங்கள், திருக்கடலூர்க்காரரும் காத்திருக்கிறார்.

ஈச்சிலம்பற்று: மூன்று முட்டை இட்டிருக்கிறது, ராசியா?

பெரும்பாலும் இரண்டு பேடு. முட்டையை எடுக்காதீர்கள்.