உப்புத் தண்ணீரில் லித்தியமா? பவர் எழுதும் முன்…

கேள்வி: கருப்பூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம். போரில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. 'இதில் லித்தியம் இருக்கிறது. பட்டா உங்களுடையது, கனிமமும் உங்களுடையது. பவர் எழுதிக் கொடுங்கள்' என்று ஒருவர் அட்வான்ஸ் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வாங்காதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். லித்தியம் எடுக்கப்படும் சிலி நாட்டின் அட்டகாமா உப்புநீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் லித்தியம் உண்டு, கடல்நீரில் 0.17தான். கருப்பூரில் பாறை வெள்ளைக்கல் (மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது) வகை. பானையில் படியும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் மெக்னீசியமும் கால்சியமும்தான். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, சர்வே எண்ணும் தேதியும் எழுதி, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். டி.டி.எஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, மில்லிகிராமில்) இரண்டாயிரம், மூவாயிரம் என்று வந்தால் பேச்சை அதோடு விடலாம். அட்டகாமாவில் அது மூன்று லட்சத்தைத் தாண்டும்.

சட்டத்துக்கு வருவோம். நிலத்தடிக் கனிமம் எப்போதும் அரசுக்கே சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சட்டப்படி பறிக்கப்படாதவரை அது நில உரிமையைத் தொடரும் என்று 2013-இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்வான்ஸ் தருபவர் நீட்டுவது இதைத்தான். ஆனால் சொந்தம் வேறு, தோண்டும் அனுமதி வேறு. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, உரிமமோ சுரங்கக் குத்தகையோ இல்லாமல் ஆய்வுகூடச் செய்ய முடியாது. லித்தியத்துக்கு 2023 திருத்தம் இன்னும் இறுக்கம்: ஏலம் விடுவது ஒன்றிய அரசு. மீறி எடுத்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம். பவர் கொடுத்திருந்தால் உங்கள் பெயரும் அந்த வழக்கில் இழுபடலாம். உரிம நகலைக் கேளுங்கள். அதை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் காட்டிச் சரிபாருங்கள். உங்களுடையது ஒப்படைப் பட்டா (அரசு ஒப்படைத்த நிலத்துக்கான பட்டா) என்றால், கனிம உரிமையை அரசு ஒதுக்கிவைத்திருக்கிறதா என்று நிபந்தனைகளையும் படியுங்கள்.

கேள்வி: பக்கத்து நிலத்தில் உறிஞ்சினால் எனக்கு அடியில் இருப்பதும் போய்விடுமே?

பதில்: போகலாம். திரவம் சர்வே கல்லைப் பார்த்து நிற்காது. அமெரிக்காவின் அர்கன்சாவில் இதனால்தான் பல நிலங்களை ஓர் அலகாகச் சேர்த்து, பரப்பளவுக்கேற்ப ராயல்டி பிரிக்கிறார்கள். சிலியில் 1979 முதல் லித்தியம் அரசுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. இங்கே சுரங்கக் குத்தகைதாரர் உங்கள் நிலத்துக்குள் நுழைந்து சேதம் செய்தால் அதே கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவில் இழப்பீடு உண்டு. கிணறு வற்றியதாகச் சொல்ல ஆதாரம் வேண்டும். மாதம் ஒருமுறை, மோட்டார் போடுமுன் காலையில், நீர்மட்டத்தையும் டி.டி.எஸ்.ஸையும் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். உறிஞ்சல் தொடங்கிய பிறகு எடுக்கும் முதல் அளவு வழக்குக்கு உதவாது.