404 என்று திரும்பி வரும் அப்டேட்

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு 23.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. ரொம்ப நாள் கழித்து, மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் 'சூடோ ஆப்ட் அப்டேட்' கட்டளையைக் கொடுத்தால் 404 என்றும் ரிலீஸ் ஃபைல் இல்லை என்றும் வரிசையாகப் பிழை வருகிறது. பிரவுசரில் எல்லாத் தளமும் திறக்கிறதே, என்ன கோளாறு?

பதில்: உங்கள் இணையத்தில் கோளாறு இல்லை. 404 வந்தாலே சர்வர் பதில் சொல்லிவிட்டது, கேட்ட கோப்புதான் அங்கே இல்லை என்று அர்த்தம். எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத உபுண்டு பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான், 23.04-க்கு 2024 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதன் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) 'ஓல்ட்-ரிலீசஸ்' என்ற பழைய சர்வருக்கு மாற்றிவிட்டார்கள், உங்கள் கணினியோ இன்னும் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த முகவரிகள் இருக்கும் கோப்பு: ஈடிசி ஃபோல்டருக்குள் ஆப்ட், அதற்குள் சோர்சஸ்.லிஸ்ட். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். அப்புறம் 'ஆர்க்கைவ்.உபுண்டு.காம்', 'செக்யூரிட்டி.உபுண்டு.காம்' இரண்டையும் 'ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம்' என மாற்றுங்கள் (முன்னால் நாட்டின் சுருக்கெழுத்து இருந்தால் அதையும் சேர்த்து நீக்கவும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்). பக்கத்தில் சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற ஃபோல்டரில் நீங்கள் எப்போதோ சேர்த்த பிபிஏக்கள் (கூடுதல் மென்பொருள் மூலங்களின் முகவரிகள்) இருக்கும், அவையும் முரண்டு பிடித்தால் அந்த வரிகளுக்கு முன்னால் # போட்டு முடக்கிவிடுங்கள்.

இப்போது அப்டேட் ஓடும். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது, அதனால் இதை வைத்தே காலம் தள்ளாமல் ஃபைல்களை பேக்கப் எடுத்துக்கொண்டு ஒரு எல்டிஎஸ் பதிப்பைப் புதிதாகவே நிறுவுங்கள். 24.04 போட்டால் இந்த முகவரிகள் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற வேறு கோப்பில் இருக்கும், சோர்சஸ்.லிஸ்ட் கிட்டத்தட்ட காலியாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.